கிளாமர் போர்ட்ரெய்ட்: ஸ்டுடியோ ஒளியமைப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டுடியோ ஃப்ளாஷும், ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸும் கையில் இருந்தும் படம் ஏன் அடையாள அட்டைப் புகைப்படம் போலவே வருகிறது என்று தவிப்பவர்களுக்காக இந்தப் பக்கம். கேள்விகளில் பாதி கருவிகளைப் பற்றியவை. பதில்களில் பெரும்பாலானவை நிழலைப் பற்றியவையாக இருந்தால் அது தற்செயல் அல்ல.

கிளாமர் போர்ட்ரெய்ட் என்று எதைச் சொல்கிறோம்?

ஒருவர் யார் என்று காட்டினால் போர்ட்ரெய்ட். ஒளி, ஒப்பனை, உடை, நிற்கும் விதம் எல்லாவற்றையும் திட்டமிட்டு, பார்ப்பவரின் கண் நகராதபடி அவரை மெருகேற்றிக் காட்டினால் கிளாமர். உடை குறைவதற்கும் இதற்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. கழுத்துவரை மூடிய கறுப்பு அங்கியில் எடுத்த படமும் கிளாமராக இருக்கலாம்.

இந்த நடைக்கு உருக்கொடுத்தவை 1930களின் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள். நட்சத்திரங்களை விளம்பரப்படுத்துவதற்கென்றே அவை தனிப் புகைப்படக் கூடங்களை வைத்திருந்தன. எம்ஜிஎம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹரெல், கிளாரன்ஸ் சின்கிளேர் புல் போன்றோர் 8க்கு 10 அங்குலப் பெரிய நெகட்டிவில் படமெடுத்தார்கள். நடிகை கிரேட்டா கார்போவின் புகழ்பெற்ற முகத்தோற்றங்கள் பல புல் எடுத்தவை. முந்தைய தலைமுறை விரும்பிய பனிமூட்ட மென்மையை ஒதுக்கிவிட்டு, கூர்மையான முகம், அடர்ந்த நிழல், பளிச்சிடும் கன்னம் என்ற பாணியை நிலைநாட்டியவர் ஹரெல். இன்று நாம் செய்வதில் பெரும்பகுதி அந்தப் பாணியின் பேரப்பிள்ளைதான்.

எத்தனை விளக்குகள் வேண்டும்?

ஒன்று. அதை வைத்து நல்ல படம் எடுக்க வராதவருக்கு நான்கு விளக்குகள் கொடுத்தால் நான்கு மடங்கு குழப்பம்தான் வரும். முதலில் முதன்மை விளக்கை மட்டும் எரியவிட்டு முகத்தில் நிழல் சரியாக விழும்வரை நகர்த்துங்கள். நிழல் தேவைக்கு மேல் கறுத்தால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைப் பலகை. கூந்தல் பின்னணியோடு கலந்துபோனால் பின்னாலிருந்து ஒரு விளக்கு. பின்னணி சோர்ந்து தெரிந்தால் அதற்கு இன்னொன்று. ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சேர்த்த விளக்கு என்ன செய்தது என்று சொல்ல முடியாவிட்டால் அதை அணைத்துவிடுங்கள்.

முதன்மை விளக்கை எங்கே வைப்பது?

விளக்கைப் பார்க்காதீர்கள், மூக்கின் நிழலைப் பாருங்கள். விளக்கு எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, சரியா தவறா எல்லாவற்றையும் அந்தச் சின்ன நிழலே சொல்லிவிடும்.

விளக்கு முகத்துக்கு நேர் முன்னால், தலைக்கு மேலே இருந்தால் மூக்கின் நிழல் நேராகக் கீழே, மேலுதட்டை நோக்கி விழும். பட்டாம்பூச்சி ஒளி என்று இதற்குப் பெயர். நடிகை மார்லீன் டீட்ரிக்கை இயக்குநர் யோசெஃப் ஃபான் ஸ்டெர்ன்பெர்க் பாரமவுன்ட் ஸ்டுடியோவில் படம்பிடித்த விதத்தால் பாரமவுன்ட் ஒளி என்றும் சொல்வார்கள். கன்ன எலும்புக்குக் கீழே மெல்லிய பள்ளம் விழும், தாடைக்கோடு தெளியும், தோலின் சிறு மேடுபள்ளங்கள் அடங்கிவிடும். கிளாமருக்கு இது முதல் தேர்வாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் மூக்கு நிழல் உதட்டைத் தொடக்கூடாது. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் நின்றுவிட வேண்டும். உதட்டைத் தொட்டால் விளக்கு மிக உயரம். நிழலே இல்லையென்றால் மிகத் தாழ்வு.

விளக்கைப் பக்கவாட்டில் 30 முதல் 45 டிகிரி நகர்த்தினால் மூக்கு நிழல் கன்னத்துப் பக்கம் சிறு வளையமாகச் சாயும். ஏறக்குறைய எல்லா முகத்துக்கும் பொருந்தும் ஒளி இது. இன்னும் நகர்த்தினால் மூக்கு நிழலும் கன்னத்து நிழலும் சேர்ந்து, இருண்ட கன்னத்தில் ஒரு முக்கோண வெளிச்சத் துண்டு மட்டும் மிஞ்சும். அது ரெம்ப்ராண்ட் ஒளி. நாடகத்தன்மை மிகுந்தது. கண்குழி ஆழமானவருக்கு இதைப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும்: தூரக் கண்ணுக்கு வெளிச்சமே போய்ச் சேராமல் கருங்குழியாகிவிடும்.

முகம் சற்றுத் திரும்பியிருக்கும்போது, கேமராவிலிருந்து விலகிய பக்கத்தில் ஒளி விழுந்தால் முகம் ஒடுங்கித் தெரியும். கேமராப் பக்கம் விழுந்தால் அகலமாகத் தெரியும். வட்ட முகத்துக்கு முன்னதும் மிக மெலிந்த முகத்துக்குப் பின்னதும் உதவும்.

கண்ணில் தெரியும் ஒளிப்புள்ளி எங்கே இருக்க வேண்டும்?

கருவிழியின் மேற்பகுதியில், கடிகாரத்தின் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையே. அந்தப் புள்ளி இல்லாத கண் உயிரற்றது போலத் தோன்றும். புள்ளி தெரியவில்லையென்றால் விளக்கு உயரமாக இருக்கிறது, அல்லது அவர் முகத்தைத் தாழ்த்தியிருக்கிறார்.

மென்மையான ஒளிக்கு விளக்கைத் தூரத்தில் வைக்க வேண்டுமா, கிட்டவா?

கிட்ட. முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மை. 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் ஒரு மீட்டர் தூரத்தில் மென்மையானது. அதையே நான்கு மீட்டர் தள்ளி வைத்தால் நிழலின் ஓரம் கத்தியாகிவிடும். சாஃப்ட்பாக்ஸின் மூலைவிட்ட நீளம் எவ்வளவோ அந்தத் தூரத்தில் வைத்துத் தொடங்குவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். தூரம் இரு மடங்கானால் ஒளி கால் பங்காகும், அதாவது இரண்டு ஸ்டாப் இழப்பு (ஒளி பாதியாவதோ இரு மடங்காவதோ ஒரு ஸ்டாப்). விளக்கு முகத்திலிருந்து 60 செ.மீ. தூரத்திலும் இடுப்பிலிருந்து 120 செ.மீ. தூரத்திலும் இருந்தால், முகம் ஒளிரும்போது இடுப்பு இரண்டு ஸ்டாப் இருண்டுவிடும். முகத்தை மட்டும் முன்னிறுத்த இது அருமையான வழி. முழு உருவப் படத்தில் முகமும் காலணியும் ஒரே ஒளியில் வேண்டுமென்றால் விளக்கைத் தள்ளி வைத்து, மென்மை போகாமலிருக்க அளவில் பெரிய சாஃப்ட்பாக்ஸ் எடுக்க வேண்டும்.

விளக்கின் நடுப்பகுதியை முகத்துக்குக் குறிவைக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. சற்று முன்னோக்கித் திருப்பி, ஒளியின் ஓரம் மட்டும் முகத்தைத் தடவும்படி செய்து பாருங்கள். நெற்றியின் சுட்டெரிக்கும் பளபளப்பு அடங்கிவிடும்.

பியூட்டி டிஷ் வாங்கலாமா? சாஃப்ட்பாக்ஸ் போதாதா?

போதும். ஆனால் இரண்டும் வேறு குணம். பியூட்டி டிஷ் வழக்கமாக 40 முதல் 55 செ.மீ. விட்டமுள்ள ஆழமற்ற கிண்ணம். நடுவில் ஒரு சிறு தட்டு நேரடி ஒளியை மறைக்கும். சாஃப்ட்பாக்ஸைவிடக் கறாரான, வெறும் ஃப்ளாஷைவிட இரக்கமுள்ள ஒளி. கன்ன எலும்பைச் செதுக்கும், ஒப்பனையின் நயத்தைக் காட்டும். தோலில் உள்ள குறையையும் அதே நேர்மையோடு காட்டும். நல்ல ஒப்பனைக் கலைஞர் கூட இருந்தால் டிஷ். இல்லையென்றால் சாஃப்ட்பாக்ஸ் என்பது என் கணக்கு. டிஷ்ஷைக் கிட்ட வைக்காவிட்டால், அதன் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வைக்காவிட்டால், வாங்கியதே வீண்.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சிப்பி போல விளக்கு வைக்கிறார்களே?

மேலே முதன்மை விளக்கு, மார்பு உயரத்தில் ஒரு ரிஃப்ளெக்டர் (ஒளியைத் திருப்பும் பலகை) அல்லது இரண்டாவது சாஃப்ட்பாக்ஸ், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகக் கேமரா. தாடைக்குக் கீழும் கண்ணுக்குக் கீழும் உள்ள நிழல்கள் கரையும். ஒப்பனைப் பொருள் விளம்பரங்களில் பார்க்கும் தோற்றம் இது. கீழ் ஒளி மேல் ஒளியைவிட ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப்வரை குறைவாகவே இருக்கட்டும். இரண்டும் சமமானால் முகம் தட்டையாகும். கீழ் ஒளி மிஞ்சினால் பேய்ப்படம்.

கேமராவில் என்ன அமைப்பு வைப்பது?

ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, அப்பர்ச்சர் எஃப்/8 என்று தொடங்குங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வின் அளவில் நிறுத்துங்கள். முதல் படத்தில் சாம்பல் அட்டை ஒன்றைப் பிடிக்கச் சொன்னால் பின்னால் நிறத்தைச் சரிசெய்வது எளிது. ரா கோப்பாகவே (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) பதிவு செய்யுங்கள்.

ஃப்ளாஷ்களை மட்டும் அணைத்துவிட்டு இந்த அமைப்பில் ஒரு படம் எடுங்கள். படம் முழுக் கறுப்பாக வந்தால் அறையின் பிற விளக்குகள் கலக்கவில்லை என்று பொருள். அதன் பிறகு படத்தில் தெரிவதெல்லாம் நீங்கள் வைத்த ஒளி மட்டுமே. ஷட்டர் வேகத்தை மாற்றினால் ஃப்ளாஷ் ஒளி கூடவோ குறையவோ செய்யாது. ஒத்திசைவு வேகத்தை, அதாவது ஃப்ளாஷோடு சேர்ந்து இயங்கக்கூடிய ஷட்டரின் உச்ச வேகத்தை, மீறினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும், அவ்வளவுதான். பல கேமராக்களில் அந்த எல்லை 1/200 அல்லது 1/250. ஃப்ளாஷைக் கம்பியில்லாமல் தூண்டும் மலிவான ரேடியோ டிரிகர்கள் சற்றுத் தாமதிக்கும் என்பதால் 1/160 பாதுகாப்பானது.

எஃப்/1.4 லென்ஸ் வைத்திருக்கிறேன், எஃப்/8 வைத்தால் வீணாகாதா?

எஃப்/1.4 பின்னணியை மங்கலாக்கும். ஆனால் ஸ்டுடியோவில் பின்னணி ஏற்கெனவே சுத்தமாக இருக்கிறது; மங்கலாக்கி மறைக்க எதுவும் இல்லை. இமைமயிர் கூர்மையாகவும் காது மங்கலாகவும் உள்ள படம் சில நேரம் அழகுதான். ஆனால் நகையும் உடையும் ஒப்பனையும் படத்தின் பகுதியாக இருக்கும்போது அவை தெளிவாகத் தெரிய வேண்டும். ஃபோகஸ் எப்போதும் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில்.

எந்த லென்ஸ், எவ்வளவு தூரம்?

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 முதல் 135 மி.மீ. லென்ஸ். ஆனால் முகத்தை மாற்றுவது லென்ஸ் அல்ல. முகத்தின் விகிதத்தைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். அரை மீட்டரில் நின்றால் மூக்கு பெருக்கும், காது பின்வாங்கும். இரண்டு மீட்டர் அளவில் நின்றால் விகிதம் இயல்பாகும். நீண்ட லென்ஸ் உங்களை அந்தத் தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது என்பதே அதன் முதல் நன்மை. கேமரா உயரமும் முக்கியம்: முகப்படத்துக்குக் கண் மட்டம் அல்லது சற்று மேல், இடுப்புவரை என்றால் மார்பு மட்டம், முழு உருவத்துக்கு இடுப்பு மட்டம். நின்ற நிலையிலிருந்து முழு உருவம் எடுத்தால் கால்கள் குட்டையாகிவிடும். முட்டி போடுங்கள்.

கருமையான தோலுக்கு அதிக ஒளி வேண்டும் என்கிறார்களே?

அதிக ஒளி வேண்டியதில்லை, வேறு வகையான ஒளி வேண்டும். வெளிர் தோலின் வடிவத்தை நிழல் காட்டுகிறது. கருமையான தோலின் வடிவத்தைப் பளபளப்பு காட்டுகிறது. கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் தோள்பட்டையிலும் ஒளிமூலம் பிரதிபலிக்கிறது அல்லவா, அந்தப் பிரதிபலிப்புதான் உங்கள் கோடு. சிறிய கறாரான விளக்கு வைத்தால் அது வெண்புள்ளிகளாகச் சிதறும். பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில், கிட்ட வைத்தால் பட்டுபோல நீண்ட மினுமினுப்பாக விரியும். ஒளியின் அளவை ஒளிமானியால் முகத்தருகே அளந்து அப்படியே வையுங்கள். தோலை வெளிர வைப்பதற்காக ஒரு ஸ்டாப் ஏற்றும் பழக்கத்தை விடுங்கள். அது நிறத்தைச் சாம்பல் பூத்ததாக ஆக்குகிறது, எதிரே நிற்பவரையும் அவமதிக்கிறது. கறுப்புப் பின்னணியாக இருந்தால் இரு பக்கமும் பின்னாலிருந்து ஒடுங்கிய நீள சாஃப்ட்பாக்ஸ் வைத்து உருவத்தின் விளிம்பைப் பிரித்துக் காட்டுங்கள்.

கருமையான தோலைப் படம்பிடிப்பது கடினம் என்ற பேச்சுக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. கோடக் நிறுவனம் 1950களிலிருந்து வண்ணம் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி அட்டை என்று பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. பல நிறத்தவரும் உள்ள அட்டை 1990களில்தான் வந்தது. கடினமாக இருந்தது தோல் அல்ல, அளவுகோல்.

முகம் எண்ணெய் வழிவது போலத் தெரிகிறது. பவுடர் போடலாமா?

முதலில் ஒற்றுத்தாள். அதன் பிறகும் தேவைப்பட்டால் மெல்லிய பவுடர். சிலிகா பவுடரும், டைட்டானியம் டையாக்சைடு அல்லது துத்தநாக ஆக்சைடு கலந்த வெயில் தடுப்புக் களிம்பும் ஃப்ளாஷ் ஒளியில் வெண்மையாகத் திருப்பி அடிக்கும். கண்ணாடியில் நன்றாகத் தெரிந்த முகம் படத்தில் மாவு பூசியதாக வரும். ஒப்பனை முடிந்ததும் ஒரு சோதனைப் படம் எடுத்துவிடுவது நல்லது. பளபளப்பை முழுவதும் துடைத்துவிடாதீர்கள். கன்ன மேட்டில் கொஞ்சம் இருக்கட்டும்.

கூந்தல் விளக்கு எப்படி?

பின்னால், மேலே, கேமராவின் பார்வைக்கு வெளியே. கிரிட் (தேன்கூடு போன்ற வலை) அல்லது ஸ்னூட் (குழல்) போட்டு ஒளியை ஒடுக்குங்கள். முதன்மை விளக்கின் அளவுக்குச் சமமாகவோ ஒரு ஸ்டாப் குறைத்தோ தொடங்குங்கள்; கருங்கூந்தல் ஒளியை விழுங்கும், அதற்குக் கூட்ட வேண்டியிருக்கும். பின்னாலிருந்து வரும் ஒளி மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தால் விளக்கு அளவுக்கு மீறி முன்னால் வந்துவிட்டது. படம் முழுவதும் பால் ஊற்றியது போல வெளிறினால் ஒளி நேராக லென்ஸில் அடிக்கிறது. நடுவில் ஒரு கறுப்பு அட்டையைப் பிடியுங்கள்.

பின்னணித் தாள் எந்த நிறத்தில் வாங்குவது?

ஒன்றே ஒன்று என்றால் நடுத்தரச் சாம்பல். ஒளி படாமல் விட்டால் கறுப்பாகும், தனி விளக்கு வைத்தால் வெளிறும், நிறத்தாள் போட்ட விளக்கு வைத்தால் அந்த நிறமேறும். ஆளைத் தாளிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னால் நிறுத்துங்கள். அவர் நிழலும் தாளில் விழாது, தாளின் நிறமும் அவர் மேல் படியாது.

ஃப்ளாஷில் உள்ள மாடலிங் விளக்கை அணைத்துவிடலாமா?

வேண்டாம். நிழல் எங்கே விழும் என்று முன்கூட்டிக் காட்டுவது அதுதான். இருட்டறையில் கண்மணி விரிந்து கருவட்டமாகிவிடும். மாடலிங் விளக்கு எரிந்தால் கண்மணி சுருங்கி, அதைச் சுற்றியுள்ள வண்ண வளையம் தெரியும். பழைய ஹாலஜன் விளக்கானால் சூடு அதிகம், அதன் மேல் துணியோ நிறத்தாளோ ஒட்டக்கூடாது.

ஃப்ளாஷ் இல்லாமல் எல்இடி விளக்கில் எடுக்க முடியாதா?

முடியும். கண் முன்னே தெரியும் ஒளி என்பதால் கற்றுக்கொள்வதற்கு அதுவே எளிது. நிறத் துல்லியக் குறியீடு (சிஆர்ஐ) 95க்கு மேல் உள்ள விளக்காகத் தேர்ந்தெடுங்கள். எஃப்/8 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டியிருக்கும். விளக்கை ஏற்றினால் எதிரே இருப்பவர் கண் கூசுவார். மின்னணு ஷட்டரில் சில எல்இடிகள் பட்டை பட்டையாக விழும். பறக்கும் கூந்தலை உறையவைக்க ஃப்ளாஷுக்கு நிகர் கிடையாது.

கண்ணாடி அணிந்தவரை எடுக்கும்போது பிரதிபலிப்பு?

விளக்கை உயர்த்தி, பக்கவாட்டில் தள்ளுங்கள். கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேல் சிறிது தூக்கி வைத்தால் சில்லுகள் கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பும் கீழே போய்விடும்.

கேமரா முன் நின்றதும் விறைத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

"இயல்பாக இருங்கள்" என்று சொல்லாதீர்கள். எப்படி இயல்பாக இருப்பது என்று யோசித்தே இன்னும் விறைத்துப்போவார்கள். செய்யக்கூடிய வேலை கொடுங்கள். உடல் எடையைப் பின்காலில் வையுங்கள், முன் முட்டியை மடக்குங்கள். தோளை விளக்கிலிருந்து விலக்கி, முகத்தை விளக்குப் பக்கம் திருப்புங்கள். நெற்றியைக் கேமராவை நோக்கிச் சற்று நீட்டி, தாடையை அரை விரல் தாழ்த்துங்கள். இது செய்பவருக்குக் கேலிக்கூத்தாகத் தோன்றும், ஆனால் தாடைக்கோடு கூர்மையாகிவிடும். உடனே திரையில் ஒரு படத்தைக் காட்டினால் அடுத்த முறை கேட்காமலே செய்வார்கள். கையின் புறப்பகுதியைக் காட்டாமல் ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கன்னத்தில் விரல் வைத்தால் தொடுவது போல் இருக்கட்டும், அழுத்தினால் தோல் மடியும். கண்ணை மூடி மூச்சை விட்டுவிட்டு, சொன்னதும் திறக்கச் சொன்னால் முதல் நொடியில் வரும் முகம் பெரும்பாலும் அன்றைய சிறந்த முகம்.

நீங்கள் அமைதியாகக் கருவியை முறைத்துக்கொண்டிருந்தால் எதிரே நிற்பவர் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைப்பார். விளக்கை மாற்றும்போது "விளக்கை மாற்றுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

முன்கூட்டியே பேச வேண்டியவை எவை?

எந்த உடை, எதுவரை, படங்கள் எங்கே வெளியாகும், யார் வைத்திருப்பார்கள் என்பதெல்லாம் படப்பிடிப்பு நாளுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதானால் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் அவசியம். பேசாத ஒன்றைப் படப்பிடிப்பின் நடுவில் "ஒரே ஒரு படம்" என்று கேட்பது வற்புறுத்தல்தான், எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று நீங்களே சொல்லுங்கள். உடைமாற்றத் தாழிடக்கூடிய அறை வேண்டும். முடியையோ ஆடை மடிப்பையோ சரிசெய்ய வேண்டுமென்றால் வாயால் சொல்லுங்கள், அல்லது ஒப்பனைக் கலைஞரிடம் விடுங்கள். 18 வயது நிரம்பாதவரை இத்தகைய படங்களுக்கு எடுக்காதீர்கள்.

ரீடச் (எடுத்த படத்தைத் திருத்துவது) எதுவரை செய்யலாம்?

இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக்கூடியதை நீக்கலாம்: பரு, கீறல், கண் சிவப்பு. மச்சமும் தழும்பும் அவருடையவை, கேட்காமல் தொடாதீர்கள். தோலைத் தேய்த்து மழுங்கடிப்பதைவிட, சிறு சிறு இடங்களாக வெளிச்சமும் இருளும் கூட்டிக் குறைத்துச் சமன்செய்வது மெதுவான வேலை. ஆனால் தோலின் நுண்துளைகள் தப்பும்.

முன்னோர்கள் இதில் நம்மைவிட யோக்கியர்கள் என்று எண்ண வேண்டாம். ஹரெல் எடுத்த நடிகை ஜோன் கிராஃபோர்டின் படம் ஒன்றின் திருத்தாத பிரதியும் திருத்திய பிரதியும் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. முதலாவதில் முகம் நிறைய வெயில் புள்ளிகள், கண்ணோரக் கோடுகள். இரண்டாவதில் பளிங்கு. நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டியே இதைச் செய்தார்கள்.

அந்தப் பழைய ஹாலிவுட் தோற்றம் இன்றைய கருவிகளில் வருமா?

வரும், சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிட்டால். கிரிட் போட்ட சிறு கிண்ண ரிஃப்ளெக்டர் மாட்டிய விளக்கை அல்லது ஒளியைக் குவிக்கும் வில்லை உள்ள ஃப்ரெனல் விளக்கை முகத்துக்கு மேலே பட்டாம்பூச்சி நிலையில் வையுங்கள். கூந்தலுக்குப் பின்னால் கறாரான ஒரு விளக்கு, பின்னணியில் சாய்வான ஒரு ஒளித்தீற்று. நிழலை நிரப்பாதீர்கள். இவ்வளவு கறாரான ஒளியில் தலையை ஓர் அங்குலம் திருப்பினாலும் மூக்கு நிழல் இடம் மாறிவிடும், அதனால் நாற்காலியில் உட்காரவைத்தே எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுப்பதானால் உதட்டுச் சாயத்தின் நிறத்தைவிட அதன் அடர்த்தியைக் கவனியுங்கள். இளஞ்சிவப்பு, தோலின் சாம்பலோடு கலந்து காணாமல் போகும்.

ஒருவருக்கு எத்தனை படங்கள் கொடுப்பது?

எடுத்ததில் பத்தில் ஒன்றுகூட வேண்டாம். ஒரே தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலுள்ள பன்னிரண்டு படங்களைக் கொடுத்தால் அவர் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டார், ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடிப்பார். தோற்றத்துக்கு இரண்டு அல்லது மூன்று கொடுங்கள். கண் பாதி மூடியவை, வாய் கோணியவை எல்லாவற்றையும் அவர் கண்ணில் படுவதற்கு முன்பே அழித்துவிடுங்கள்.